எட்டு வீட்டுப் பலகாரம், ஒரு வீட்டு வேலை

நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டு வீட்டுக்கு வரும் வாரமும், எங்கள் தெருவில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறும் வாரமும் ஒன்றுதான். சேலத்தில் அஸ்தம்பட்டியை ஒட்டிய சின்னத் தெரு. மூன்று கிறிஸ்தவ வீடு, ஒரு பாய் வீடு, மீதி எங்களைப் போல. டிசம்பர் 20 தாண்டினால் தட்டுகள் நடமாட ஆரம்பித்துவிடும். எதிர்வீட்டுத் தட்டில் அச்சு முறுக்கு, கல்கலா, அதிரசம், கைமுறுக்கு. கோடி வீட்டுத் தட்டிலும் அச்சு முறுக்கு, கல்கலா, அதிரசம், கைமுறுக்கு. வந்த தட்டை வெறுமனே திருப்பக் கூடாதே, அதனால் நாமும் நாலு முறுக்கு வைத்து அனுப்புவோம். எல்லா வீட்டிலும் நாலைந்து வகை, எல்லாம் அதே நாலைந்து வகை, எல்லா வீட்டிலும் ஒருத்தி மூன்று ராத்திரி அடுப்படியில்.

ஏற்காட்டில் இருக்கும் என் அண்ணனின் மகள் கல்யாணமாகி அமெரிக்கா போனாள். ஒரு டிசம்பரில் போனில், "அத்தை, இங்க குக்கீ ஸ்வாப்னு ஒண்ணு நடத்துறாங்க. ஆளுக்கு ஒரே ஒரு வகை பிஸ்கட், ஆனா டஜன் கணக்குல சுட்டு எடுத்துட்டு வரணும். எல்லாரும் மாத்திக்கிட்டு, போகும்போது பத்து வகை கொண்டு போகலாம்" என்றாள். கேட்டவுடன் எனக்குக் கணக்குதான் ஓடியது. எட்டு வீடு சேர்ந்தால் ஒரு வீட்டுக்கு ஒரு வேலை, எட்டு வகைப் பலகாரம். நாம் காலம்காலமாகத் தட்டில் செய்வதை ஒரே மத்தியானத்தில் செய்வது, அவ்வளவுதான். பேரும் 'பலகார மாற்று' என்றே வைத்துவிட்டோம். ஆறு வருடமாக நடக்கிறது. முதல் இரண்டு வருடம் சொதப்பல். அதிலிருந்துதான் இப்போதிருக்கும் முறையே வந்தது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதல் வருடம் அண்ணன் வீட்டிலேயே வைத்தோம். ஏற்காட்டில், காபித் தோட்டத்தை ஒட்டிய வீடு. டிசம்பர், குளிர், லீவு, மலை. கேட்கவே நன்றாக இருந்தது. 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறிப் போய் இறங்கினால், வாய் ஒட்டிக் கொண்டு வந்திருந்த பொட்டலமெல்லாம் பலூன் மாதிரி உப்பி இருந்தது. சேலம் முந்நூறு மீட்டருக்கும் கீழே, ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். மேலே காற்றழுத்தம் குறைவு, உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது. பிள்ளைகளுக்கு இலவச அறிவியல் பாடம். அதுவரை சந்தோஷம்தான்.

வராந்தாவில் மேசை போட்டு, வேட்டி விரித்து, எட்டுத் தட்டிலும் பலகாரத்தைக் கொட்டி அடுக்கினோம். மூன்றரை மணிக்கு மூடுபனி இறங்கியது. பத்தடி தள்ளி நின்ற சில்வர் ஓக் மரம் தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம். அரை மணி கழித்து என் மாமியார் ஒரு தட்டுவடையை, மற்ற ஊரில் தட்டை என்பார்களே அதை, எடுத்துக் கடித்தார். சத்தமே வரவில்லை. மடித்துப் பார்த்தார், மடிந்தது. "தட்டுவடையா இது, தோசையா?" என்று கேட்டார். முறுக்கு, அச்சு முறுக்கு, பிஸ்கட் எல்லாம் நமுத்துப் போச்சு. அவர் செய்த அதிரசம் மட்டும் கம்பீரமாக இருந்தது. அதைப் பொங்கல் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மொறுமொறுப்பான எதிலும் ஈரம் மிகக் கொஞ்சம்தான் இருக்கும், அதனால் சுற்றியிருக்கும் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். பனிக்காற்று என்றால் கேட்கவே வேண்டாம். அதிரசம், கேக், லட்டு வகைக்கு அந்தத் தொல்லை இல்லை. நமுத்ததைச் சரி செய்யவும் முடியும்: வெறும் இரும்பு வாணலியை அடுப்பில் சிம்மில் வைத்து, முறுக்கைப் போட்டு இரண்டு மூன்று நிமிடம் பிரட்டி, முழுசாக ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். பிஸ்கட்டை ஓவனில் 150 டிகிரியில் ஐந்து நிமிடம் காட்டலாம். ஆனால் எட்டு வீட்டுப் பலகாரத்தையும் அண்ணி அன்று ராத்திரி பிரட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு முறை அவரைக் கேட்கும் தைரியம் எனக்கில்லை. அது காபிப் பழம் பறிக்கும் சீசன் வேறு, அந்த வீட்டில் யாருக்கும் நேரமே இருக்காது. மலையில் இருப்பவர்கள் செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, தட்டில் கொட்டாமல் செய்யுங்கள்.

இரண்டாம் வருடம் கீழே எங்கள் வீட்டு மாடியில். வெயில் இருந்தது, பனி இல்லை. ஆனால் 'யார் வேண்டுமானாலும் எது வேண்டுமானாலும்' என்று சொல்லிவிட்டேன், மூன்று வீட்டிலிருந்து முறுக்கு வந்தது. 'ஆளுக்கு ஆறு எடுத்துக்கலாம்' என்று வாயால்தான் சொன்னேன், வரிசையில் கடைசியில் நின்ற பாய் வீட்டு அக்காவுக்கு இரண்டு முறுக்கும் நிறையத் தூளும்தான் கிடைத்தது. முன்னால் நின்று பத்துப் பத்தாக அள்ளியவர் யாரென்று சொல்ல மாட்டேன். இதைப் படிப்பார்.

இந்த இரண்டு கோளாறுக்கும் மருந்து ஒன்றுதான் என்று விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது தோன்றியது: வீட்டிலேயே ஆறு ஆறாகக் கட்டிக்கொண்டு வருவது. அங்கே வந்து எண்ணக் கூடாது, தட்டில் கொட்டவும் கூடாது. ஒவ்வொருவரும் மற்ற ஏழு வீட்டுக்கும் ஏழு பொட்டலம், கூட ஒன்று, ஆக 8 பொட்டலம். எட்டாவது எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன். 8 பெருக்கல் 6, 48. ருசி பார்க்கத் தனியாக 12. மொத்தம் 60. உங்கள் வீட்டுக்கு என்று தனியாக எண்ண வேண்டாம். உடைந்தது, தீய்ந்தது, கோணலாக வந்தது எப்படியும் மிஞ்சும். வீடு கூடினால் குறைந்தால் நீங்களே கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் பத்துக்கு மேல் போகாதீர்கள். பத்து வீடு என்றாலே 72 சுட வேண்டும். அதற்கு மேல் போனால் மறுபடி மூன்று ராத்திரி அடுப்படிதான். ஐந்துக்குக் கீழே என்றால் வெரைட்டி இருக்காது.

எண்ண முடியாதவை உண்டு. குட்டிக் குட்டியாக இருக்கும் கல்கலாவை யார் எண்ணுவது? அதற்கு எங்கள் வீட்டுப் பழைய ஆழாக்கு இருக்கிறது, ஒரு பொட்டலத்துக்கு ஓர் ஆழாக்கு, தலை தட்டி. ஆழாக்கு இல்லாத வீட்டில் காபி டம்ளர். எடை போட வேண்டாம். எடை போட்டால் அச்சு முறுக்குக்காரருக்கும் லட்டுக்காரருக்கும் சண்டை வரும்.

டிசம்பர் முதல் வாரமே வாட்ஸப் குரூப்பில் போட்டுவிடுவேன். கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு, மதியம் 3 மணி. சாயங்காலம் வேண்டாம், சர்ச் பிள்ளைகள் கேரல் பாடிக்கொண்டு ராத்திரி வருவார்கள், எதிர்வீட்டுக்காரர்கள் வீட்டில் இருந்தாக வேண்டும். எட்டு இடத்தையும் வகை வகையாகப் பிரித்து எழுதிவிடுவேன்: இனிப்பு மூன்று, காரம் மூன்று, ஓவனில் சுட்டது இரண்டு. முதலில் சொன்னவருக்கு அந்த இடம். காரத்தைக் குறைக்காதீர்கள். எல்லோரும் இனிப்போடு வந்தால் இரண்டாவது வாயிலேயே திகட்டிவிடும், வீட்டில் சுகர்காரர்கள் வேறு இருப்பார்கள்.

பொருள் செலவு 500 ரூபாய்க்குள் என்று ஒரு வரம்பு போடுங்கள். இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். ஒரு வருடம் ஒருவர் முந்திரி கேக் கொண்டுவந்தார், அடுத்த வீட்டுக்காரர் பொட்டுக்கடலை உருண்டையைப் பையிலிருந்து எடுக்கவே தயங்கினார். அந்த உருண்டைதான் முதலில் தீர்ந்தது, ஆனாலும் அந்தத் தயக்கம் எனக்கு மறக்கவில்லை.

கடையில் வாங்கிய பலகாரம்? எங்கள் குரூப்பில் கூடாது. ஆனால் மாவு, சர்க்கரை, நெய் எல்லாம் நாமே கொடுத்து பேக்கரியில் பிஸ்கட் சுட்டு வாங்குவது சரி. நம் ஊரில் அது கடைப் பலகாரம் ஆகாது. சுத்தமாக அடுப்புப் பக்கமே போகத் தெரியாது என்பவர்கள் இருப்பார்கள். மாடி வீட்டுத் தம்பி அப்படித்தான், தனியாள். அவனுக்கு முதல் வருடம் ரவா லாடு கற்றுக்கொடுத்தோம். வறுக்க வேண்டும், பொடித்த சர்க்கரை, சூடான நெய், பிடிக்க வேண்டும், முடிந்தது. இப்போது ரவா லாடு இடத்தை வேறு யாருக்கும் விட மாட்டேன் என்கிறான்.

சீட்டு எழுதுவதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு துண்டுச் சீட்டு: பலகாரத்தின் பெயர், சுட்ட தேதி, எந்த எண்ணெய், முட்டை உண்டா இல்லையா, கடலை முந்திரி உண்டா. டிசம்பர் என்றால் கார்த்திகையும் மார்கழியும். அய்யப்பனுக்கு மாலை போட்டவர் இருப்பார், மேல்மருவத்தூருக்கு இருமுடி கட்ட விரதம் இருக்கும் அக்கா இருப்பார். அவர்களுக்கு முட்டை இல்லாதது என்று சொன்னால் மட்டும் போதாது, மீன் பொரித்த எண்ணெயில் சுடாதது என்றும் தெரிய வேண்டும். கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்களும் கூச்சப்படுவார்கள். சீட்டில் இருந்தால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. எண்ணெய் பற்றி இன்னொன்று: தீபாவளிக்குச் சுட்டு மிஞ்சிய எண்ணெயை எடுத்து வைத்து இதற்குப் பயன்படுத்தாதீர்கள். சுடும்போது தெரியாது, நாலாம் நாள் பொட்டலத்தைப் பிரித்தால் காறல் வாடை அடிக்கும்.

பொட்டலம் கட்ட பட்டர் பேப்பரும் நூலும் போதும். செய்தித்தாள் வேண்டவே வேண்டாம், எண்ணெயில் மை ஒட்டும். பலகாரம் கைக்குச் சூடு தெரியாத அளவுக்கு ஆறிய பிறகுதான் கட்ட வேண்டும். வெதுவெதுப்பில் கட்டினால் அதன் ஆவியே அதை நமுக்க வைக்கும், அதற்கு ஏற்காடு வரை போக வேண்டியதில்லை. பேப்பர் ஈரத்தை முழுசாகத் தடுக்காது, அதனால் 8 பொட்டலத்தையும் இறுக்க மூடும் எவர்சில்வர் சம்படத்தில் போட்டுக் கொண்டு வர வேண்டும். திரும்பிப் போகும்போது இரண்டு டப்பா: மொறுமொறுப்பானது ஒன்றில், மெத்தென்றது ஒன்றில். அதிரசத்தையும் முறுக்கையும் ஒரே டப்பாவில் போட்டால் அதிரசத்தின் ஈரம் முறுக்குக்கு ஏறிவிடும். பாய் வீட்டு அக்காவின் தம்ரூட்டும், அதாவது ரவைக் கேக்கும், மெத்தென்ற டப்பாவுக்குத்தான். பூண்டு போட்ட ஓலைப் பக்கோடாவை பிஸ்கட்டோடு வைக்கக் கூடாது என்று சொல்லவும் வேண்டுமா? எங்கள் வீட்டில் ஒரு வருடம் பூண்டு வாசத்தோடு காபி பிஸ்கட் சாப்பிட்டோம். சம்படத்திலும் மூடியிலும் தனித்தனியாகப் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதுங்கள். மூடியில் எழுதாமல் விட்டுத்தான் யாருடையது என்றே தெரியாத ஒரு மூடி இன்னும் எங்கள் வீட்டில் அரிசி டப்பா மேல் உட்கார்ந்திருக்கிறது. எந்த டப்பாவுக்கும் சேரவில்லை.

இனி பலகாரங்கள். எட்டையும் விவரித்தால் இது சமையல் புத்தகமாகிவிடும். நான் செய்வதையும், பக்கத்தில் நின்று பார்த்ததையும் சொல்கிறேன்.

என் இடம் காபி பிஸ்கட். அதை நான் பிடித்ததற்குக் காரணமே கணக்கு. சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மைதா மூன்று பங்கு, எல்லாம் எடையில். 200 கிராம், 400 கிராம், 600 கிராம். கூட்டினால் 1,200. ஓர் உருண்டை 20 கிராம் என்றால் சரியாக 60. ஆனால் இரண்டு மூன்று எப்படியும் தீயும், அதனால் நான் 18 கிராமாக உருட்டுகிறேன், 66 வரும். உப்பில்லாத வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் வெளுக்கும்வரை குழைத்து, அண்ணன் அனுப்பும் ஏற்காட்டுக் காபித் தூளை, சிக்கரி கலக்காதது, இரண்டு ஸ்பூன் வெந்நீரில் கெட்டியாகக் குழைத்து ஆறவைத்துச் சேர்ப்பேன். மைதா, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துப் பிசையாமல் கூட்டிப் பிடிக்க வேண்டும். சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்தால் பிஸ்கட் ரப்பராகும். உருட்டி, முள்கரண்டியால் லேசாக அழுத்தி, அரை மணி ஃபிரிட்ஜில் வைத்து, 165 டிகிரி ஓவனில் 18 முதல் 20 நிமிடம். வெளியே எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், இன்னும் வேகவில்லையோ என்று மறுபடி உள்ளே தள்ளாதீர்கள். ஆறினால்தான் மொறுமொறுப்பு. ஓவன் இல்லாதவர்கள் உருட்டிய மாவைத் தட்டோடு பேக்கரிக்குக் கொண்டு போகலாம், காலையில் பிரெட் வேலை முடிந்த நேரமாகப் பார்த்து.

எதிர்வீட்டு அக்காவின் அச்சு முறுக்கு சுடுவதைப் பார்ப்பதே ஒரு விருந்து. அரைக் கிலோ பச்சரிசி மாவு, ஒரு தேங்காயின் பால், இரண்டு முட்டை, ஒரு கப் சர்க்கரை, கை நிறையக் கருப்பு எள். முட்டை வேண்டாம் என்றால் மாவில் கால் பங்கு மைதா போடுவார். மாவு தோசை மாவைவிடக் கொஞ்சம் தண்ணீராக இருக்க வேண்டும். கரண்டியின் முதுகில் ஒரு படலம் மாதிரி ஒட்டி நிற்க வேண்டும். அச்சு, அவர் மாமியார் காலத்து இரும்பு அச்சு, முந்தின ராத்திரியே எண்ணெயில் ஊறும். காலையில் எண்ணெய் காய்ந்த பிறகு அச்சை அதிலேயே ஐந்து நிமிடம் வைத்திருப்பார். எடுத்து உதறி மாவில் முக்கும்போது 'சொய்' என்று சத்தம் கேட்டால் சூடு சரி. சத்தம் வராவிட்டால் மாவு அச்சில் ஒட்டாது. முக்கால் பங்குதான் முக்க வேண்டும். அச்சின் மேல் விளிம்பைத் தாண்டி மாவு ஏறிவிட்டால் பூ கழன்று விழாது, கத்தியால் சுரண்ட வேண்டியதுதான். எண்ணெயில் இறக்கி, மனசுக்குள் இருபது எண்ணி, கம்பியால் அச்சை ஒரு தட்டு. பூ மிதக்கும். முதல் இரண்டு பூ ஒட்டிப் பிய்ந்துதான் வரும், அது அடுப்புக்கு. அடுக்கும்போது படுக்க வைக்காமல் நிற்க வைத்து அடுக்குவார், வளையல் அடுக்குவது போல. படுக்க வைத்தால் அடியில் இருப்பது நொறுங்கும்.

அடுத்தது தட்டுவடை. இதைச் செய்பவர் கோடி வீட்டு அக்கா. மிளகாய்க்குப் பாதி மிளகு போடுவார், மலை மிளகு. அவரே இன்னொரு வருடம் ஜவ்வரிசி முறுக்கு செய்தார். சேலத்துக்காரர்கள் ஜவ்வரிசி போடாமல் எப்படி? அதில் ஒரு எச்சரிக்கை. ஜவ்வரிசி மோரில் நன்றாக ஊறி, விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் ஊறவில்லை. அப்படியே பிழிந்தால் எண்ணெயில் வெடித்து முகத்தில் தெறிக்கும். பிள்ளைகளை அடுப்படிப் பக்கம் விடாதீர்கள்.

அதிரசத்துக்கு வெல்லம்தான் பாதி வெற்றி. நாங்கள் செவ்வாய்ப்பேட்டையில், மூலப்பிள்ளையார் கோயில் பக்கம் வாங்குவோம். அங்கே ஏலத்தில் 30 கிலோ சிப்பமாகப் போகும் வெல்லம் சுற்றியுள்ள கடைகளில் சில்லறைக்குக் கிடைக்கும். என் மாமியார் கடைக்காரரிடம், "எனக்கு அழகான வெல்லம் வேண்டாம், கருத்தது குடு" என்பார். பளீரென்ற மஞ்சள் வெல்லத்தில் வெளுக்கும் மருந்து இருக்கலாம், சர்க்கரையும் கலந்திருக்கலாம். சர்க்கரை கலந்த வெல்லத்தில் பாகு காய்ச்சினால் அதிரசம் மறுநாளே கல்லாகிவிடும். அரிசி ஒரு கிலோவுக்கு வெல்லம் முக்கால் கிலோ. அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் பரப்பி, கையில் ஒட்டாத ஈரப்பதத்தில் மில்லில் கொடுத்து அரைக்க வேண்டும். பாகைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தால் கரையாமல், தக்காளிப் பழம் மாதிரி மெத்தென்று உருள வேண்டும். மலையில் இருப்பவர்களுக்கும் இதே சோதனைதான். தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பவர்கள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஏற்காட்டில் தண்ணீரே 95 டிகிரியில் கொதித்துவிடும், கீழே பார்க்கும் டிகிரிக்கு அங்கே பாகு முற்றிப் போயிருக்கும். மாவு இரண்டு நாளாவது ஊற வேண்டும். எண்ணெயில் போட்டதும் பிரிந்து போனால் பாகு இளசு, கொஞ்சம் காய்ந்த அரிசி மாவைத் தூவிப் பிசைந்தால் சமாளிக்கலாம். பாகு முற்றியிருந்தால் சமாளிப்பது கஷ்டம்.

சரி, ஞாயிறு மதியம். 3 மணிக்கு எல்லோரும் வந்ததும் சம்படங்களை உள் அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவேன். கூடத்து மேசையில் ஆளுக்கு 12 என்று ருசி பார்க்கும் தட்டுகள் மட்டும். 96 துண்டு, இருபது பேர். பிள்ளைகளை முதலில் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பெரியவர்களை ஒரு வார்த்தை பேச விடமாட்டார்கள். சாப்பிட்டதும் அவர்களுக்கு ஒரு வேலை உண்டு: எட்டுப் பை வரிசையாக வைத்து, ஒவ்வொரு சம்படத்திலிருந்தும் பைக்கு ஒரு பொட்டலமாகப் போட வேண்டும். அவரவர் வீட்டுப் பலகாரம் அவரவர் பையில் போகக் கூடாது, சம்படத்திலேயே இருக்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனைத் தலைவனாகப் போட்டால் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவான். பெரியவர்களிடம் கொடுத்தால் பேசிக்கொண்டே எண்ணிக்கையை விட்டுவிடுவார்கள்.

வந்தவர்களுக்குச் சாப்பிட என்ன? தயவுசெய்து பிரியாணி போடாதீர்கள். ஒரு வருடம் என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டுப் போட்டார். பலகாரத்தை ஒருவரும் தொடவில்லை, எனக்கும் வேலை இரட்டிப்பு. நாங்கள் கொடுப்பது தட்டுவடை செட். உடைந்த தட்டுவடையும் முறுக்கும்தான் ஏராளமாக இருக்குமே, எட்டு வீட்டு உடைசலையும் கொண்டுவரச் சொல்லிவிடுவேன். பீட்ரூட், கேரட் துருவல், பொடியாக நறுக்கிய வெங்காயம், காரச் சட்னி, புதினா மல்லிச் சட்னி. முழுசாக இருக்கும் இரண்டு தட்டுவடைக்கு நடுவில் இதையெல்லாம் வைத்தால் செட், தூளாகிப் போனதை வெங்காயத்தோடும் சட்னியோடும் பிரட்டினால் நொறுக்கல். சேலத்தில் சாயங்காலம் தள்ளுவண்டி முன்னால் நிற்கும் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. இனிப்புக்கு நடுவில் அந்தக் காரம்தான் நாக்கை மீட்டுத் தரும். கூட ஃபில்டர் காபி, சர்க்கரை கம்மியாக. ஐந்தரைக்கு எல்லாம் முடிந்துவிடும்.

இப்போது அந்த எட்டாவது பொட்டலம்.

முன்பு எங்கள் கணக்கில் அது இல்லை, ஏழுதான். இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசியில் மாமியார் தவறிப் போனார். துக்க வருடம், வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. தீபாவளியும் இல்லை. டிசம்பரில் குரூப்பில், 'இந்த வருஷம் நாங்க இல்லைங்க, எதிர்வீட்டு அக்கா வீட்டுல வெச்சுக்குங்க' என்று போட்டேன். ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு எதிர்வீட்டு அக்கா ஒரு துணிப் பையோடு வந்தார். ஏழு வீட்டுப் பொட்டலமும் இருந்தது. கூட எட்டாவதாக ஒன்று, சீட்டில்லாமல். பிரித்தால் அதிரசம். மாமியார் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாராம், அந்த இடம் காலியாக இருந்தது என்று சுட்டாராம். பாகு ஒரு நூல் முற்றியிருந்தது. என் வீட்டுக்காரர் இரண்டு சாப்பிட்டார்.

அதிலிருந்து எல்லோரும் எட்டாகக் கட்டுகிறோம். எந்த வருடமும் அப்படி ஒரு வீடு இருக்கத்தான் செய்கிறது: பலகாரம் சுடாத வீடு, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலையும் வீடு, கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் பெண். யாரும் இல்லை என்றால் தெருக் கூட்ட வரும் அம்மாவுக்கு. யாருக்கு என்பதைக் குரூப்பில் பேசாதீர்கள், நடத்துபவர் மட்டும் முடிவு செய்தால் போதும். அன்று சாயங்காலமே கொண்டு போய்க் கொடுத்துவிடுங்கள், பையில் போட்டு. தட்டில் வைத்துக் கொடுத்தால், அந்தத் தட்டைத் திருப்பித் தர அவர்கள் எதையாவது தேட வேண்டியிருக்கும்.